பதினாறாம் சேனல்

எங்கள் படகில் எக்கோ சவுண்டர் இருந்தது, ஜி.பி.எஸ். இருந்தது, வலை இழுக்க வின்ச் இருந்தது. ஒழுங்கான வயர்லெஸ் செட் மட்டும் இல்லை. படகை நடத்தும் ஸ்ராங்காகப் போய்வந்த என் தாய்மாமா 5 வாட் வாக்கி டாக்கி ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். கண்ணுக்குத் தெரிகிற படகோடு அதில் பேசலாம். கண்ணுக்குத் தெரியாத படகைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் அது கைவிட்டுவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரை எட்டுக் கடற்கரை ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடல் தூண்டில் போடுவதில் பேர்போன ஊர்கள். எங்களுக்கு வீடு குமரியில், படகு கொச்சியில், வேலை அரபிக்கடலில். புறப்பட்டால் லட்சத்தீவையும் தாண்டிப் போவார்கள். திரும்பி வர வாரக்கணக்காகும். செல்போன் கோபுரங்களெல்லாம் முதல் நாளிலேயே முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

2012 மழைக்காலத் தடையில் படகு கொச்சி தோப்பும்படித் துறைமுகத்தில் கிடந்தது. பலகை இடுக்குகளை அடைப்பதும் வர்ணம் பூசுவதுமாக வேலை நடந்துகொண்டிருந்தது. நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் முடித்துவிட்டு, கொச்சியில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை மாமா கடைக்கே வந்துவிட்டார். "மக்கா, நல்ல செட்டு ஒண்ணு பாத்து மாட்டித் தரணும் கேட்டியா. புதுசு வாங்கப் பங்குக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. பழசு போதும்" என்றார். அப்புறம் சொன்னார்: "எனக்குப் பேசதுக்கு இல்ல. கேக்கதுக்கு வேணும்."

குஜராத் ஆலங்கில் கப்பல்களை உடைக்கிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். இரும்பு உருக்காலைக்குப் போகிறது. கட்டில், மேசை, சமையலறைப் பாத்திரம், உயிர்காப்பு மிதவை என்று மற்றதெல்லாம் ஆலங் சாலையோரக் கடைகளில் குவிகின்றன. அங்கிருந்து நாட்டின் துறைமுகங்களுக்கெல்லாம் பிரிந்து போகின்றன. கொச்சியில் அப்படிக் கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு மாமாவும் நானும் போனோம். அலமாரி முழுக்க வயர்லெஸ் செட்டுகள். கப்பலிலிருந்து கழற்றிய பெரிய செட்டுகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கு நடுவே ஏதோ வெளிநாட்டுச் சிறு படகிலிருந்து வந்த 25 வாட் வி.எச்.எஃப். செட் ஒன்று, 12 வோல்ட்டில் ஓடுவது, முகப்பில் கீறலோடு இருந்தது. புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கடைக்காரர் அதைப் பேட்டரியில் மாட்டி ஸ்குவெல்ச் குமிழைத் திருகினார். இரைச்சல் அடங்கியதும் துறைமுகத்துக்குள் வரும் கப்பலோடு யாரோ ஆங்கிலத்தில் பேசுவது தெளிவாகக் கேட்டது. பழைய செட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். செட் கேட்கிறது என்பதால் அது பேசும் என்று ஆகிவிடாது. வாங்கும் பகுதி வேறு, அனுப்பும் பகுதி வேறு. கடையிலிருந்து வாட் மீட்டரும், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடும் கொண்டுபோயிருந்தேன். மைக்கின் பொத்தானை அழுத்தினால் முள் 20ஐத் தாண்டி நின்றது. குறைந்த சக்திக்கு மாற்றினால் 1 வாட்டுக்கு இறங்கியது. அனுப்பும் பகுதியில் உயிர் இருந்தது. அதன்பின் மேல்மூடியைத் திறக்கச் சொன்னேன். கடலில் கிடந்த செட்டின் ஆயுள் உள்ளே இருக்கும் செம்பின் நிறத்தில் தெரியும். ஆன்டெனா சாக்கெட்டின் அடியில் கொஞ்சம் களிம்பு பிடித்திருந்தது, போர்டில் ஒன்றுமில்லை. மைக்கின் சுருள் வயர் மட்டும் வெடித்திருந்தது. பழைய செட்டுகளில் முதலில் போவது மைக்தான்: ஈரக்கையில் பிடிப்பது, கீழே விழுவது, இழுபடுவது எல்லாம் அதுவே. வேறொரு செட்டின் மைக்கைச் சேர்த்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டோம்.

அன்றிரவு செட்டைப் பிரித்து உட்கார்ந்தபோதுதான் அதன் பூர்வீகம் தெரிந்தது. அது அமெரிக்கப் படகில் இருந்த செட். கடல் வி.எச்.எஃப். சேனல்கள் உலகம் முழுக்க ஒன்றே என்று நினைக்கிறோம். முழுக்க அப்படி இல்லை. அமெரிக்க முறையில் சில எண்களின் அலைவரிசை அமைப்பு வேறு. சர்வதேச முறையில் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என இரண்டு அலைவரிசை கொண்ட சேனல்கள் சில, அங்கே ஒரே அலைவரிசையில் இயங்கும். ஆகவே இங்கே கொண்டுவந்தால் முதலில் சர்வதேச முறைக்கு மாற்ற வேண்டும். 16ஆம் சேனல் மட்டும் எங்கும் 156.800 மெகாஹெர்ட்ஸ்தான். ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. எந்த நாட்டுச் செட்டை எந்தக் கடலில் திறந்தாலும் அது அதே இடத்தில் இருக்கும்.

வானிலைக்கென்று ஒரு தனிப் பொத்தானும் இருந்தது. மாமாவுக்கு அதைப் பார்த்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. அமெரிக்காவிலும் கனடாவிலும் அரசே நாள் முழுக்க வானிலை சொல்லும் அலைவரிசைகள் அவை. நம் கடலில் அழுத்தினால் வெறும் இரைச்சல். "அங்க சொல்லதுக்கு ஆளு இருக்கு" என்றார் மாமா. அந்த ஒரு வரியைப் பின்னால் நான் நிறைய நினைத்திருக்கிறேன்.

இதைவிட முக்கியமானது செட்டின் நினைவில் இருந்த ஒன்பது இலக்க எண். இப்போதைய வி.எச்.எஃப். செட்டுகளில் சிவப்பு மூடிக்குக் கீழே ஓர் அபாயப் பொத்தான் இருக்கும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் ஒரு டிஜிட்டல் செய்தி போகும். எட்டும் தூரத்தில் அந்த வசதியுள்ள எல்லாக் கப்பல்களிலும் மணி அடிக்கும். அந்தச் செய்தியில் படகை அடையாளம் காட்டுவது இந்த எண். முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 419. எங்கள் கையில் இருந்த செட்டிலோ 366 என்று தொடங்கும் எண் இருந்தது. அந்த நிலையில் நம்மவர்கள் நடுக்கடலில் பொத்தானை அழுத்தினால், எப்போதோ உடைத்துப்போட்ட வெளிநாட்டுப் படகு ஒன்று தத்தளிப்பதாகத்தான் பதிவாகும். தேடுகிறவர்கள் அந்த எண்ணுக்குரியவரைத் தொலைபேசியில் அழைத்து நேரத்தைக் கழிப்பார்கள். இந்த எண்ணை நாமே நினைத்தபோது மாற்ற முடியாது. ஒன்றிரண்டு தடவைக்குமேல் எழுதவிடாமல் பூட்டியிருப்பார்கள். சர்வீஸ் சென்டரில் கொடுத்துத்தான் அழிக்க வேண்டும். பேச்சுக்கு இந்த எண் தேவையில்லை என்பதால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் அழித்துத்தான் வாங்கி வந்தேன். பழைய செட் வாங்குகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை இது என்பேன்.

உரிமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. உரிமமில்லாமல் செட்டை வைத்திருப்பதே அதன்படி குற்றம். மாமா அதில் கறார். "காயிதம் இல்லாத செட்டு நம்ம போட்டுல ஏறாது" என்றார். விண்ணப்பம், படகின் பதிவுச் சான்று, அலைச்சல் என்று அது ஒரு தனிக் கதை. கடலுக்குப் போகிறவனின் உயிர்காக்கும் கருவிக்கு இவ்வளவு தாள் வேண்டுமா என்ற கேள்வி எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இனி மாட்டும் வேலை. பலரும் செட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, மாட்டுவதை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். என் அனுபவத்தில் ஒரு செட்டின் பலம் பாதிக்குமேல் செட்டுக்கு வெளியே இருக்கிறது.

முதலில் கரண்ட். லாரி எஞ்சின் பொருத்திய படகுகளில் ஸ்டார்ட்டருக்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். 12 வோல்ட் சாமான் எதையாவது மாட்ட வேண்டுமென்றால், அந்த இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயரை இழுத்துவிடுவது வழக்கம். செட் வேலை செய்யும். ஆனால் ஒரு பேட்டரி தினமும் கூடுதலாக இறங்கும். டைனமோ இரண்டுக்கும் ஒரே அளவாக ஏற்றும். சில மாதங்களில் ஒன்று ஓயாமல் பட்டினியிலும் மற்றொன்று அளவுக்குமேல் ஏறியும் இரண்டுமே கெடும். அதனால் 24ஐ 13.8 வோல்ட்டாக இறக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டேன். செட் கேட்கும்போது ஒரு ஆம்பியர்கூட எடுக்காது. 25 வாட்டில் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். வயர் மெலிதாக இருந்தால் பொத்தானை அழுத்தியதும் வோல்ட்டேஜ் விழுந்து குரல் உடையும். ஆகவே தடித்த வயர், பேட்டரி முனையிலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ்.

அதோடு மாமா இன்னொன்று கேட்டார். எஞ்சின் அறை படகின் அடிவயிற்றில் இருக்கிறது, பேட்டரிகளும் அங்கேதான். தண்ணீர் ஏறினால் முதலில் முழுகுவது அதுதான். "அப்பம் செட்டு செத்துப்போவுமே, மக்கா. அந்த நேரத்துக்குத்தானே செட்டு?" என்றார். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. கேபினுக்குள், கூரைக்குச் சற்றுக் கீழே தட்டு அடித்து, செட்டுக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியை அசையாமல் கட்டிவைத்தோம். கன்வெர்ட்டர் வழியாக அது எப்போதும் நிரம்பியிருக்கும். ஒரு சுவிட்சைத் திருப்பினால் செட் அதிலிருந்து ஓடும்.

அடுத்தது ஆன்டெனா. வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது. கடலின் வளைவைத் தாண்டி அது அதிகம் இறங்காது. 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருக்கும் இரண்டு படகுகள் தமக்குள் சுமார் 25 கிலோமீட்டர், அதாவது 13 கடல் மைல் வரை பேசலாம். ஒரு கப்பலின் ஆன்டெனா 30 மீட்டரில் இருந்தால் நமக்கும் அதற்கும் 35 கிலோமீட்டர். கரையில் 100 மீட்டர் உயரத்தில் இருந்தால் 53 கிலோமீட்டர். 25 வாட்டை 100 வாட்டாக ஆக்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கம்பத்தை உயர்த்தினால் மாறும். இதை மாமாவுக்கு விளக்கியபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். கரையிலிருந்து போகப் போக மலை எப்படி அடியிலிருந்து முழுகி, கடைசியில் உச்சி மட்டும் தெரிகிறது என்பதைக் கணிச்சம் பார்த்தே வளர்ந்தவர் அவர். இடம் குறிக்க மலையையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு அலையின் கணக்கு புதிதில்லை.

உச்சியில் வைக்க வேண்டுமானால் கேபிள் நீளும். 12 மீட்டர் தேவைப்பட்டது. கடையில் மலிவாகக் கிடைத்தது ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிள். அந்த நீளத்தில் அது 25 வாட்டில் ஏறக்குறைய 14 வாட்டைத்தான் உச்சிக்குக் கொண்டுசேர்க்கும். மீதி வழியிலேயே சூடாகிப் போய்விடும். விரல் தடிமன் உள்ள ஆர்.ஜி. 213 கேபிளில் 19 வாட் போகும். நாம் பேசுவது மட்டுமல்ல, வருகிற குரலும் இதே அளவில்தான் தேயும். பங்குக்காரர்கள் கேபிள் விலையைக் கேட்டு முகம் சுளித்தபோது மாமா தன் பங்கிலிருந்து கொடுத்தார். கனெக்டரைத் திருகி மட்டும் விடாமல் 100 வாட் சால்டரிங் அயர்னால் பற்றவைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றினேன். கேபினுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.3 காட்டியது. 2க்குமேல் போயிருந்தால் அனுப்பிய சக்தி திரும்பிவந்து செட்டையே வாட்டும்.

ஆன்டெனா நீளமாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நீளமான ஆன்டெனா அலையை அடிவானத்தை நோக்கி ஒடுக்கி அனுப்பும். அசையாத கரைக்கு அது சரி. படகு புரளும்போது அந்த ஒடுங்கிய கற்றை ஒருமுறை தண்ணீரிலும் மறுமுறை வானத்திலும் போய் முட்டும். எங்களுடையதைப் போன்ற படகுக்கு ஒரு மீட்டர் உயர ஆன்டெனாவே ஏற்றது என்று அதையே பொருத்தினேன்.

செட்டை எங்கே மாட்டுவது என்று இடம் பார்த்தபோது மாமா திசைகாட்டியைக் காட்டினார். செட்டின் ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. செட்டைத் திசைகாட்டியின் அருகே கொண்டுபோனோம், முள் நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, முள் பழைய இடத்துக்கு வந்து அசையாமல் நின்ற தூரத்துக்கும் அப்பால், ஒரு மீட்டருக்குமேல் தள்ளி மாட்டினோம். ஜி.பி.எஸ். இருக்கும்போது திசைகாட்டி எதற்கு என்று கேட்கிற இளைஞர்களுக்கு: பேட்டரி போன பிறகும் திசை காட்டுவது அது ஒன்றுதான்.

கடைசியாக, ஆபத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று ஓர் அட்டை எழுதினேன். மேடே என்று மூன்று தடவை, படகின் பெயர் மூன்று தடவை, அட்சரேகை தீர்க்கரேகை, என்ன ஆபத்து, எத்தனை பேர், என்ன உதவி வேண்டும், ஓவர். ஆங்கில வாசகங்கள்தான், தமிழ் எழுத்தில். பக்கத்தில் எண்களை ஒவ்வொன்றாக எப்படிச் சொல்வது என்ற குறிப்பு. பிளாஸ்டிக் உறை போட்டுச் செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மாமா, டிரைவர், சமையல் செய்யும் பையன் எல்லோரையும் பொத்தானை அழுத்தாமல் மைக்கைப் பிடித்து வாசிக்க வைத்தேன். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசு, விட்டுவிட்டுக் கேள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தார்கள், ஆனாலும் வாசித்தார்கள்.

தடை முடிந்து புறப்பட்ட அன்று நானும் கூடப் போனேன். 16இல் முன்னால் போன சின்னத்துறைப் படகைக் கூப்பிட்டு, அதிலிருந்தவர் பதில் சொன்னதும் இருவரும் வேறு சேனலுக்கு மாறினோம். கொச்சிக் கரை கண்ணிலிருந்து மறைந்த பின்னும் அவர் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வந்தது. மாமா மைக்கை வாங்கவே இல்லை. குமிழை இரைச்சல் அடங்கும் விளிம்பில் நிறுத்தி, செட்டை 16இல் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பேசதுக்கு இல்ல என்று அவர் சொன்னதை அன்றுதான் முழுக்கப் பார்த்தேன்.

16இல் நடக்கும் அநியாயங்களையும் அந்தப் பயணத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். மீன் விலை, ஊர்ச் சண்டை, பாட்டு எல்லாம் அதில் ஓடும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் பேசினால் பலமான குரல் மெலிந்த குரலை முழுசாக அமுக்கிவிடும். எஃப்.எம். முறையின் இயல்பு அது. அமுங்கிப்போவது தூரத்துக் குரலாக இருக்கும், பேட்டரி இறங்கிய குரலாக இருக்கும், உதவி தேவைப்படுகிற குரலாகவும் இருக்கும். ஒரு ராத்திரி ஏதோ ஒரு படகில் மைக் எங்கோ இடுக்கில் மாட்டிப் பொத்தான் அழுந்தியே கிடந்தது. அந்தப் படகின் எஞ்சின் சத்தம் விடிய விடிய 16இல் கேட்டது. சுற்றுவட்டாரத்தில் இருந்த எந்தப் படகுக்கும் அன்று காது இல்லை. அவர்களுக்குச் சொல்லவும் வழியில்லை. அனுப்பிக்கொண்டிருக்கும் செட் எதையும் கேட்காது. மாமா அன்று காலை மைக் மாட்ட ஒரு கொக்கி அடித்தார். யார் பேசினாலும் அந்தக் கொக்கியில்தான் திரும்பி மாட்ட வேண்டும் என்பது எங்கள் படகின் சட்டமானது.

மழைக்காலத்துக்கு முன், காற்று ஓய்ந்து கடல் எண்ணெய்போல் கிடக்கும் நாட்களில், அலையின் கணக்கு எல்லாம் பொய்யாகும். கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் சூடான வறண்ட காற்று படியும்போது, அலை நேரே போகாமல் வளைந்து கடலின் மேலேயே ஓடும். 13 கடல் மைல் எட்டவேண்டிய செட்டில் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து குஜராத்திப் பேச்சு கேட்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பம்பாய் ராடார் ஒன்றில் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரை தெரிந்தது இதனால்தான். அந்த இரவுகளில் மாமா தூங்காமல் கேட்டுக்கொண்டிருப்பார் என்று டிரைவர் சொல்வார். மொழி புரியாது, யாரோ அங்கே இருக்கிறார்கள் என்பது மட்டும் புரியும்.

2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள் குமரிக் கடலில் ஒக்கிப் புயலானது. எச்சரிக்கை வருவதற்குப் பல நாட்களுக்கு முன்பே எங்கள் ஊர்ப் படகுகள் ஆழ்கடலுக்குப் போயிருந்தன. நான் ஊரில் இருந்தேன். வீடுகளின் மாடியில் வைத்திருந்த செட்டுகளைச் சுற்றிக் கூட்டம். எல்லாச் செட்டிலும் இரைச்சல். கரைச் செட்டுகளுக்கு அந்தப் படகுகள் எட்டாது என்று கணக்குப்போட்டுச் சொல்லத் தெரிந்தவன் நான். அன்று அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மாமா மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கி, பல நாள் கழித்து வீடு வந்த பிறகு சொன்னது இது. கொச்சியிலிருந்து தாமதமாகப் புறப்பட்ட படகு ஒன்று 16இல் புயல் செய்தி சொல்லியிருக்கிறது. கேட்டவர் தனக்கு மேற்கே இருந்தவர்களுக்குச் சொல்ல, அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்ல, அப்படித்தான் மாமாவை அது எட்டியிருக்கிறது. அவர் தனக்கு எட்டியவர்களுக்குச் சொல்லிவிட்டு வடக்கே திருப்பினார். 16ஐத் திறந்து வைத்திருந்த படகுகள் வழியாகத்தான் அந்தச் செய்தி நடந்து போனது. செட் அணைந்திருந்த படகில், அல்லது வேறு சேனலில் கதை பேசிக்கொண்டிருந்த படகில், அது நின்றுபோனது. இரண்டாம் நாள் எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறிக் கீழ் பேட்டரிகள் போயின. கேபின் பேட்டரிக்குச் சுவிட்சைத் திருப்பினார்கள். அந்த ராத்திரி ஒரு மெலிந்த குரல்: படகு கவிழப் போகிறது, இடம் இன்னது. அலையில் அவர்களிடம் போக மாமாவால் முடியவில்லை. தூரத்தில் ஒரு சரக்குக் கப்பலின் விளக்கு தெரிந்திருக்கிறது. அந்த மெலிந்த குரல் கப்பலுக்கு எட்டவில்லை. மாமாவின் குரல் எட்டும். அட்டையைப் பார்த்து, மேடே ரிலே என்று சொல்லி, அடுத்தவர்களின் இடத்தை இலக்கம் இலக்கமாக வாசித்தார். ஆட்களை ஏற்றிக்கொண்டதாக விடியும் முன் கப்பலிலிருந்து 16இல் சொன்னார்கள்.

அதற்குப் பின்னும் இரண்டு குரல்கள் கேட்டதாக மாமா சொன்னார். அவை யாருடையவை என்று கடைசிவரை தெரியவில்லை. குமரிக் கரையில் அந்தப் புயலுக்குப் பிறகு திரும்பாதவர்களின் வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

இப்போது இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்கள் விசைப்படகுகளுக்கு வழங்கப்படுகின்றன. கரை கண்ணுக்கெட்டாத தூரத்திலும் புயல் எச்சரிக்கை வந்து சேரும், நாமும் ஆபத்துச் செய்தி அனுப்பலாம். 2017இல் இது இருந்திருக்க வேண்டும். அதனால் வி.எச்.எஃப். இனித் தேவையில்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செயற்கைக்கோள் செய்தி கரைக்குப் போகும்; கரையிலிருந்து உதவி கிளம்பி வரவேண்டும். வி.எச்.எஃப். செய்தி பக்கத்தில் இருப்பவனுக்குப் போகும். நடுக்கடலில் முதலில் வந்து சேரக்கூடியவன் அவன்தான். கரையோரத்தில் செல்போன் எடுக்கும்வரை கடலோரக் காவல்படையின் 1554ஐ அழைக்கலாம், அதையும் அந்த அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

பழைய செட் வாங்கும் தம்பிமாருக்கு நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். பணம் குறைவாக இருந்தால் செட்டில் மிச்சம் பிடியுங்கள், கேபிளில் பிடிக்காதீர்கள். செட்டுக்கு உயரத்தில் ஒரு பேட்டரி வையுங்கள். பேசி முடித்ததும் 16க்குத் திரும்புங்கள். படகை விற்கும்போது செட்டையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால், உள்ளே இருக்கும் உங்கள் எண்ணை அழித்துவிட்டுக் கொடுங்கள். வாங்குகிறவர் ஒருநாள் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், தேடி வருகிறவர்கள் உங்கள் வீட்டுக்குப் போன் செய்யாமல் அவரைத் தேடிப் போக வேண்டும்.